அண்ணியின் மெஷினைச் சிவப்பாக்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினான்கு வருஷம் காத்திருந்து என் அண்ணிக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வைத் தடுத்து நிறுத்தியது நான்தான். கோள்மூட்டி அல்ல, மொட்டைக் கடிதாசி எழுதி அல்ல. எட்டு வாரம் வகுப்புக்குப் போய், முக்கி முனகிப் படித்து, சுழலும் வண்ண வரைபடம் போட்டு நிறுத்தினேன். நாத்தனார்கள் காலங்காலமாகச் செய்வதாகச் சொல்லப்படும் வேலையை ஏஐ துணையோடு செய்த முதல் நாத்தனார் இந்த ஜொகூர் மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். (இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, தெரியும்.)

அப்போது மாசாயில் ஒரே வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் முரளி, விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு ஓடுகிறவன். அவன் மனைவி புஷ்பா அண்ணி. அப்புறம் கல்யாணமாகாத நான், செல்வி. அம்மா சாஆ என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு தொலைபேசி வழியாக எங்கள் மூவரையும் மேய்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கும் எனக்கும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு டப்பாக்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். (உங்கள் வீட்டு டப்பாவுக்கு மூடி பொருந்தவில்லை என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. அது உங்கள் வீட்டுப் பிரச்சினை.) அண்ணி கீழ்த்தளத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், அதே தளத்தின் மூலையில் நாலு படி மேலே, கண்ணாடி போட்ட ஏர்கோன் அறையில், குளிருக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பன்னிரண்டு மெஷின்களும் தெரியும். பார்த்தால்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு ஏஐ மென்பொருள் வாங்கியது. ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு டேப்லெட் உண்டு. பழுதான மூடி எத்தனை விழுந்தது என்று ஆப்பரேட்டர்கள் மணிக்கொரு தரம் அதில் தட்டுவார்கள். ஏஐ அதையெல்லாம் படித்துவிட்டு, எந்த மெஷின் மக்கர் பண்ணப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். சொன்னது, ஆனால் எண்களாகச் சொன்னது. பக்கம் பக்கமாக எண்கள். எங்கள் மேனேஜர் மிஸ்டர் டான் அதை ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “இதை யாராவது படமாகப் போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் என் கை. ஏன் உயர்ந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்படித்தான் ‘செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடுகளுக்கான உயர்நிலைத் தரவுக் காட்சிப்படுத்தல்’ என்ற இணைய வகுப்பில் சேர்ந்தேன். எட்டு சனிக்கிழமைகள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அதுல என்னாதான்டி சொல்லித் தர்றாங்க?”

“படம் வரையறதும்மா.”

“படம் வரையறதுக்கு ஏன்டி இவ்ளோ நீளப் பேரு?”

முதல் சனிக்கிழமை வாத்தியார் கணேசன் சார் கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு படம்கூடக் காட்டவில்லை. தரவு எங்கே பிறக்கிறது, யார் கையால் பிறக்கிறது, அங்கே போய் நில்லுங்கள் என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வந்தவளிடம் பிரசவம் பற்றியா பேசுவது? கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்தேன். அன்று மடித்த துணிகளில் ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை. பிசகியதெல்லாம் பிற்பாடுதான்.

இரண்டாம் வாரத்திலிருந்து வண்ணங்கள் வந்தன. கூடவே என் ரத்தக் கொதிப்பும் வந்தது. நிரல் எழுதி ஓடவிட்டால் படம் வராது, சிவப்பு எழுத்தில் ஒரு பக்கத்துக்குத் திட்டு வரும். ஒரு காற்புள்ளி குறைந்ததற்கு ஒரு பக்கம்! எங்கள் அம்மாகூட அவ்வளவு திட்டியதில்லை. இரண்டு சனிக்கிழமைகள் அந்தக் காற்புள்ளியோடு மல்லுக்கட்டினேன். நாலாவது சனிக்கிழமை படம் வந்தது, தலைகீழாக. ஐந்தாவது வாரம் நிமிர்ந்தது. ஆறாவது வாரம் அது சுழல ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் செய்தது இதுதான். தொழிற்சாலையின் தரைப்படத்தை வரைந்து, எந்த இடத்தில் பழுது அதிகமோ அந்த இடம் சிவப்பாக எரியும்படி வைத்தேன். பன்னிரண்டு மெஷின்களையும் போட்டேன். கூடவே, ஒரு பெருமைக்காக, மூலையில் என் ஏர்கோன் அறையையும் போட்டேன். என் மேசையில் சோதனைக்கென்று வைத்திருந்த டேப்லெட்டுக்குப் பதிமூன்று என்று எண்ணும் கொடுத்தேன்.

ஓடவிட்டதும் ஏழாம் எண் மெஷின் மட்டும் அடுப்பில் வைத்த கம்பி மாதிரி சிவந்தது. மற்றதெல்லாம் வெளுப்பு. ஏஐயும் தொண்ணூற்று நாலு விழுக்காடு உறுதி என்று தலையாட்டியது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

“என்னா இது செல்வி, அம்மை போட்ட மாதிரி இருக்கு?”

“பழுதான மெஷின் அண்ணி. ஏஐ கண்டுபிடிச்சிருக்கு.”

“ஓ” என்றார் அண்ணி. “நம்ம ஜப்பான்காரன் நல்லாதான் ஓடுறான். அவனப் போட்டுடாத.”

“சேச்சே, இது ஏழாம் நம்பர் அண்ணி” என்றேன்.

அண்ணி அதற்குள் வெங்காயத்தை எடுக்கப் போய்விட்டார். இந்த இடத்தில்தான் என் முட்டாள்தனத்தின் முழு நீள அகலத்தையும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் யாரும் மெஷினை எண்ணால் அழைப்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்தது ஜப்பான்காரன். பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி, நினைத்தால் மட்டும் வேலை செய்வது டத்தோ. எந்நேரமும் முனகுவது கிழவி. வீட்டில் இரவு சாப்பாட்டின்போது அண்ணி பேசுவதெல்லாம் இந்த மூவரைப் பற்றித்தான். நாலு வருஷம் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தும், ஜப்பான்காரன்தான் ஏழாம் எண் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அந்த நேரம் அண்ணியின் லீடர் பதவிக் கடிதம் தயாராகி, மிஸ்டர் டானின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. லீடர் ஆனால் நீல ஜாக்கெட் கொடுப்பார்கள். அதை மாட்டுவதற்காக அண்ணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியைக் காலியாக வைத்திருந்தார். அண்ணன் அதில் தன் ஹெல்மெட்டை மாட்டப்போய் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டான். பதினான்கு வருஷத்தில் அண்ணி வாய்விட்டு ஆசைப்பட்டது அந்த ஜாக்கெட் ஒன்றுக்குத்தான்.

கூட்டத்தன்று விளக்குகளை அணைக்கச் சொல்லி, படத்தைச் சுழலவிட்டேன். மிஸ்டர் டான் வாயைப் பிளந்தார். சூப்பர்வைசர் காக் ரொஹானா (மலாயில் காக் என்றால் அக்கா) கைபேசியில் படம் பிடித்தார். நான் ‘அடர்த்தி’, ‘முன்கணிப்பு’ என்று என் வாய்க்கு அடங்காத சொற்களையெல்லாம் அள்ளி வீசினேன்.

“அப்ப பிரச்சினை ஏழாம் மெஷின்ல. உறுதியா?” என்று கேட்டார் டான்.

“ரொம்ப உறுதி, பாஸ்.”

“ஏழுல யாரு?”

காக் ரொஹானா பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. “புஷ்பா, பாஸ். வந்ததுலேருந்து அவதான்.”

(அவர்கள் பேசியது மலாயில். என் தலையில் விழுந்த இடி மட்டும் சுத்தத் தமிழில் விழுந்தது.)

“அலமாக், ஐயோ” என்றேன். அதையும் மைக்கில் சொல்லித் தொலைத்தேன்.

“பாஸ், மெஷின்தான் சிவப்பு, ஆளு இல்ல” என்று என்னென்னவோ உளறிப் பார்த்தேன். டான் கேட்பதாக இல்லை. “நீதானே ரொம்ப உறுதின்னு சொன்ன?” என்றார். அண்ணியின் கடிதம் அவர் மேசையிலேயே இருக்கட்டும், இரண்டு வாரம் பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் இதே படத்தை நேரலையாகக் காட்டு, அப்போதும் ஏழு சிவப்பாக இருந்தால் வேறு ஆளை லீடராகப் போடுவோம் என்று முடித்துவிட்டார்.

தொழிற்சாலையில் ஒரு சேதி மாடியிலிருந்து கீழே இறங்க லிஃப்ட் தேவையில்லை. தினமும் நான் அண்ணியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போவேன். அன்று வாசலுக்கு வந்தால் வண்டி இல்லை. வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா என் ஹெல்மெட்டை மட்டும் நீட்டினார். “உங்க அண்ணி குடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க” என்றார். பாசிர் கூடாங் பேருந்தில் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து போனேன். வண்டி இல்லாதவள் ஹெல்மெட்டோடு போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் அண்ணி தட்டை ணங்கென்று என் முன்னால் வைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் கரித்துணி தொங்கியது.

“அண்ணி, நான் செய்யல. மாடல்தான் சொல்லுது.”

“யாரு அந்த மாடல்? வரச் சொல்லு. நான் பேசிக்கிறேன்.”

“அது ஆளு இல்ல அண்ணி, கணக்கு. டேட்டா பொய் சொல்லாது.”

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “சொல்லாதா? சரி. உன் படத்தையே சொல்ல வெக்கிறேன், பாரு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ‘சோறு’, ‘குழம்பு’, ‘தண்ணி’ தவிர ஒரு சொல் கிடையாது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து நிலவரத்தைப் பார்த்தான். “நான் பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம்ல நின்னுட்டு வரேன். நான் யாரு பக்கமும் இல்ல லா. சோறு இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் ஒதுங்கிவிட்டான். அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. “ஏன்டி, அவ ஆக்கிப் போட்டதத் தின்னுட்டு அவ வேலைக்கே உலை வெச்சியா? நானே அவளுக்கு மாமியார் வேல பார்த்ததில்ல, உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?” என்று பிடித்துக்கொண்டார். தரவு, மாதிரி, முன்கணிப்பு என்று விளக்கினேன். “வாய மூடு” என்றார் அம்மா.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரையைத் திறந்தால் ஏழு வெளுத்திருக்கிறது. மூன்றாம் எண் சிவப்பு! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வியாழக்கிழமை மூன்று வெளுத்து, பதினொன்று சிவந்தது. அடுத்த திங்கள் ஐந்து. ஒரு மெஷின் யானை எடை. அதன் பழுது மட்டும் எப்படி ஊர்வலம் போகும்? நிரலை வரிவரியாகத் துழாவினேன். காற்புள்ளி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கணேசன் சாருக்குச் செய்தி அனுப்பினேன்.

அவர் கூப்பிட்டே பேசினார். “செல்வி, மெஷின் நடக்காது. நீங்க கீழ போய்ப் பார்த்தீங்களா? முதல் வகுப்புல சொன்னேனே, பதியிற இடத்துல போய் அரை மணி நேரம் நில்லுங்கன்னு.”

“ம், பார்த்தேன் சார்” என்று கூசாமல் பொய் சொன்னேன். கீழே போனால் அண்ணி இருப்பார். அண்ணி முகத்தில் விழிப்பதைவிட ஏஐயோடு மாரடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

போகாததோடு விட்டேனா? சிவப்பு நகர்வதற்கு அம்புக்குறி போட்டேன். அது மெஷின்விட்டு மெஷின் தாவுவதை அசையும் படமாக்கினேன். கடைசியில் ‘பழுது ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குத் தொற்றுகிறது’ என்று தனியாக ஒரு பக்கமே எழுதி வைத்தேன். இரும்பிலிருந்து இரும்புக்கு, சளிக் காய்ச்சல் மாதிரி! இதை எழுதிவிட்டு, ஆகா என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. அதே மாடி அறை, அதே டான், அதே காக் ரொஹானா. ஏழு சிவப்பாக இருக்கக்கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டு நேரலையைத் திறந்தேன். ஏழு வெளுப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மூன்று வெளுப்பு, ஐந்து வெளுப்பு, பதினொன்று வெளுப்பு. பன்னிரண்டு மெஷின்களும் பாலில் கழுவியது மாதிரி இருந்தன. படத்தின் மூலையில் மட்டும், இதுவரை பார்த்திராத ரத்தச் சிவப்பில், ஒரு வட்டம் தகதகவென்று எரிந்தது. பக்கத்தில் ‘பதிமூன்று, மிக அதிகப் பழுது, உறுதி தொண்ணூற்றெட்டு விழுக்காடு’ என்று எழுத்து மின்னியது.

டான் விரல்விட்டு எண்ணினார். “நம்மகிட்ட மெஷின் பன்னெண்டுதானே? பதிமூணு எது?”

நான் நகர்ந்துபோய்த் திரையின் அந்த மூலையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“செல்வி, பதிமூணு எது?”

“என் மேச, பாஸ்.”

மூவரும் கீழே இறங்கினோம். என் ஏர்கோன் அறைக்குள் பதினொரு ஆப்பரேட்டர்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசினில் பழுதான மூடிகளோடு, என் டேப்லெட்டில் தட்ட வரிசையில் நின்றிருந்தார்கள். என் நாற்காலியில் புஷ்பா அண்ணி. என் ஜாக்கெட் அவர் தோளில்.

“வாங்க பாஸ்” என்றார் அண்ணி, மலாயில், விருந்தாளியை வரவேற்பது போல. “இங்க காத்து நல்லா வருது.”

“இங்க ஏன் தட்டுறீங்க?”

“காத்து எங்கயோ அங்கதான் பாஸ் தட்டுவோம். எப்பவும் அப்படித்தான். ஏழாம் மெஷின்கிட்டதான் பெரிய காத்தாடி இருந்துச்சு. எல்லாரும் பேசினத் தூக்கிக்கிட்டு அங்க வந்து, ரெண்டு நிமிஷம் காத்து வாங்கிட்டு, அந்த டேப்லெட்லயே தட்டிட்டுப் போவாங்க. போன வாரம் காத்தாடிய மூணுக்கிட்ட தள்ளினேன். அப்புறம் பதினொண்ணு, அஞ்சு. இன்னிக்கு ஏர்கோனுக்கே வந்துட்டோம்.”

“திரையில மெஷின் நம்பர மாத்தலாமே?”

“கையுறையோட அந்தக் குட்டி நம்பர யாரு பாஸ் மாத்துவா? காத்து எதுக்குன்னு சந்தேகம்னா எந்த மெஷின் பக்கத்துலயாவது போய் நின்னு பாருங்க, சூடு தெரியும்.”

டான் போனார். ஒரே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்ட, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் எட்டு வாரம் படித்தும் போகாத தூரத்தை அவர் ஒரு நிமிஷத்தில் போய் வந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தப் படத்தின்மேல் கோபப்பட்டேன். அதுவோ சளைக்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

“அப்ப எந்த மெஷின்தான் மோசம்?” என்றார் டான்.

அண்ணி ஒரு பேசினை என் மேசைமேல் கவிழ்த்தார். பிறகு ஒரு மூடியைத் திருப்பி என் மூக்குக்கு நேராக நீட்டினார். அடியில், அரிசி அளவில், மெஷின் எண் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு மூடியிலும் உண்டு. நாலு வருஷமாக மூடியின் தரத்தைக் கட்டுப்படுத்திவந்த எனக்கு, மூடியின் அடியில் எண் இருப்பது தெரியும். அதைப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

“குந்து” என்றார் அண்ணி. இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்கு வெளியே அவர் என்னிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

குந்தினேன். எல்லாப் பேசின்களையும் தரையில் கொட்டி, ஒவ்வொரு மூடியாகத் திருப்பிப் பார்த்து, எண் வாரியாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். மேனேஜர், சூப்பர்வைசர், பதினொரு ஆப்பரேட்டர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “அக்கா, அது ஒம்பது, ஆறு இல்ல” என்று திருத்தினார்கள். முடித்தபோது தரையில் பன்னிரண்டு கோபுரங்கள் நின்றன. மூன்றாம் எண் கோபுரம் என் இடுப்புக்கு மேல். சாட்சாத் டத்தோ. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் இது முன்பே தெரியும், யாரும் கேட்கவில்லை. ஏழாம் எண் அடுக்குதான் ஆகக் குட்டை, ஒரு சாண்கூட இல்லை.

“இது புரியுது” என்று சொல்லி மிஸ்டர் டான் அந்தக் கோபுரங்களைப் படம் பிடித்துக்கொண்டார். சுழலும் என் படத்துக்கு அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கணேசன் சாரிடம் இறுதிப் பயிற்சியாக அந்த மூடிப் படத்தைத்தான் அனுப்பினேன். அதற்குத்தான் சான்றிதழும் கிடைத்தது.

அன்று சாயங்காலமே கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. வாசலுக்கு வந்தேன். அண்ணி வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். “மன்னிச்சிடுங்க அண்ணி” என்றேன்.

“ஏறு” என்றார். மாசாய் சிக்னலில் நின்றபோது அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “பதிமூணு. தொண்ணூத்தெட்டு விழுக்காடு!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

கரித்துணி இறங்கி நீல ஜாக்கெட் ஆணிக்கு வந்தது. அதோடு தொழிற்சாலையில் ஒரு புது விதியும் வந்தது. நான் எந்தப் படம் போட்டாலும் அது மேலே போவதற்கு முன் லீடர் புஷ்பா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறப்பதற்கு முன் லீடர் ஒரு கேள்விதான் கேட்பார்: “கீழ போய் நின்னியா?”

என் கல்யாணத்தில் அண்ணி மேடைக்குக் கொண்டுவந்த பரிசு ஆள் உயரம் இருந்தது. பரிசுத்தாளைப் பிரித்தால், சிவப்பு நிறத்தில் தரையில் நிற்கிற ஒரு காத்தாடி. மண்டபத்தில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாஆவிலிருந்து வந்த உறவுக்காரர்கள்கூட. (அம்மா விளம்பரம் பண்ணியிருக்கிறார்.) ஒன்றும் புரியாமல் விழித்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.

அந்தக் காத்தாடி இப்போது எங்கள் கூடத்தில் ஓடுகிறது. புழுக்கம் தாங்காமல் வீட்டில் எல்லோரும் அதன் முன்னால்தான் வந்து உட்காருவோம். பள்ளிக்கூடச் சண்டை, தொலைந்த சாவி, பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்திய லட்சணம் என்று எல்லாப் புகாரும் அங்கேதான் வரும். போன மாதம் என் கணவர் ரொம்ப யோசித்துவிட்டு ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

“நானும் பார்க்கிறேன் செல்வி, இந்த வீட்டுல எல்லாப் பிரச்சினையும் நீ உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் வருது.”

நான் எழுந்துபோய், காத்தாடியை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.